கழுவிய கார்புரேட்டரைத் திரும்ப மாட்டும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1992 மாடல் ஆர்எக்ஸ் 100 ஒன்று இருக்கிறது. சித்தப்பாவின் பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதனாலேயே ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் அடிக்கும். கார்ப்பைக் கழற்றிக் கழுவும்வரை யாரும் கூப்பிடுவதில்லை. திரும்ப மாட்டி, கிக்கரை உதைத்து, வண்டி கத்தியோ கத்தாமலோ நின்ற பிறகுதான் கூப்பிடுகிறார்கள். ஒரே சந்தேகத்துக்குப் பல பேருக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. அதனால் கேட்டவர்கள் வாய்ப்பேச்சிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதிலைப் போட்டிருக்கிறேன்.

பெரும்பாலான பதில்கள் ஆர்எக்ஸ் 100, புல்லட் 350 போன்றவற்றில் இருக்கும் மிகுனி விஎம் வகைக் கார்ப்பை மனதில் வைத்துச் சொன்னவை. ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுத்தால், காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு நேரடியாக மேலே ஏறுமே, அந்த வகை. இரட்டைக் கார்ப்புக்கும் டயஃப்ரம் கார்ப்புக்கும் கடைசிப் பக்கம் தனித்தனிக் கேள்வி இருக்கிறது.

கிளீன் பண்றதுதானே அண்ணா வேலை? திரும்ப மாட்டறதுல என்ன இருக்கு, ரெண்டு போல்ட்டுதானே?

எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு போல்ட்டால் வருபவைதான். கழுவுவதில் தவறு செய்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவே. மாட்டுவதில் தவறு செய்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், 20 கிலோமீட்டர் போய் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 2 ஸ்ட்ரோக் வண்டிகளில் இது நிஜமாகவே நடக்கிற கதை.

கார்ப் என்பது காற்றையும் பெட்ரோலையும் அளந்து கலக்கும் சாதனம். அளந்த பிறகு, கார்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எங்காவது கள்ளத்தனமாகக் காற்று நுழைந்தால் அளந்ததெல்லாம் வீண். பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் பயனில்லை. கழுவிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கள்ளக் காற்று, ஸ்லைடு, கேபிள் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மாட்டறதுக்கு முன்னாடி கடைசியா எதைச் செக் பண்ணணும்?

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மெயின் ஜெட்டில் வட்டமான ஓட்டை தெரியும். பைலட் ஜெட்டின் ஓட்டை முடி மாதிரி இருக்கும், ஆனாலும் வெளிச்சம் தெரிந்தாக வேண்டும். அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, இரும்புக் கம்பி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். கிளீனரில் ஊறவிட்டுக் காற்று அடித்தால் போதும். வீட்டில் கம்ப்ரஸர் இல்லையென்றால் சைக்கிள் பம்பே போதும்.

அடுத்ததைப் பலரும் செய்வதில்லை. வண்டியில் மாட்டும் முன்பே கார்ப்பை நேராகப் பிடித்து, ஒரு சின்ன பாட்டிலிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோல் விட்டுப் பாருங்கள். கார்ப்பின் அடியில் இருக்கும் கிண்ணம் நிரம்பியதும் மிதவை ஏறி, ஊசி வால்வு மூடி, வரத்து நிற்க வேண்டும். 10 நிமிடம் வைத்திருந்தும் ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டு வராவிட்டால் நிம்மதியாக மாட்டலாம். மாட்டிய பிறகு ஒழுகினால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும், கை வேறு சூட்டில் வேகும். இந்தச் சோதனையை வெளியே வைத்துச் செய்யுங்கள். வாசலில் விளக்கேற்றியிருக்கும் நேரம் வேண்டாம்.

பழைய பேக்கிங்கையே போடலாமா? கொஞ்சம் பேஸ்ட் தடவிட்டா ஒட்டிக்காதா?

கிண்ணத்தின் பேக்கிங் கிழியாமல், ஊதிப் பெருக்காமல் இருந்தால் மறுபடி போடலாம். பெட்ரோலில் ஊறிப் பெரிதாகி, காடியில் உட்காராமல் பிதுங்கினால், ஒரு நாள் நிழலில் காயவிட்டுப் பாருங்கள். சில நேரம் பழைய அளவுக்கு வந்துவிடும். வராவிட்டால் புதிது வாங்கிவிடுங்கள்.

சிலிக்கான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பி, கொழகொழப்பாகி, பிய்ந்து, நேராகப் பைலட் ஜெட்டில் போய் உட்காரும். ஒரு நண்பரின் கார்ப்பை மூன்று தடவை கழற்றியும் அடைப்பு திரும்பத் திரும்ப வந்தது. காரணம், ஒவ்வொரு தடவையும் அவர் ஆசையாகத் தடவிய பேஸ்ட். கார்ப்பும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஓ-ரிங் இருந்தால் அதை மட்டும் எப்போதும் புதிதாகப் போடுங்கள். தட்டையாகி இறுகிப்போன ஓ-ரிங் பார்க்க நன்றாகவே இருக்கும், காற்றைத் தடுக்காது.

மேனிஃபோல்ட் ரப்பர் கல்லு மாதிரி ஆயிடுச்சு ப்ரோ, கார்ப் உள்ள போகவே மாட்டேங்குது. தட்டி ஏத்தலாமா?

தட்டாதீர்கள். கார்ப்பை இன்ஜினோடு இணைக்கும் அந்த ரப்பரைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்தால் இளகும். கழற்ற முடியாத நிலையென்றால் வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. உள் விளிம்பில் ஒரு சொட்டு 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) தடவி, கார்ப்பை நேராகத் தள்ளாமல் இடவலமாக மெல்லத் திருகிக்கொண்டே தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். முழுக்க உட்கார்ந்ததா என்று விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். பாதி ஏறிய நிலையில் கிளிப்பை முறுக்குவது வழக்கமான தவறு.

மாட்டும் முன் ரப்பரைக் கையில் வளைத்துப் பாருங்கள். மேலே தெரியாத வெடிப்புகள் வளைத்தால் வாய் திறக்கும். வெடிப்பு மேலோட்டமாக இருந்தாலும் புதிது போடுவதுதான் சரி. ஏர் ஃபில்டர் பக்க ரப்பருக்கும் இதே கதைதான். அங்கே வெடிப்பிருந்தால் கூடவே தூசியும் போகும்.

மாட்டிட்டு கிக் பண்ணதும் வண்டி கத்துது சார்! ஆக்ஸிலேட்டரே தொடல. என்ன ஆச்சு?

முதலில் சாவியை அணையுங்கள், மீதியை அப்புறம் பேசலாம். அணைத்தும் நிற்காவிட்டால், மெயின் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, உயர் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். எதையும் திருகிப் பார்க்க அது நேரமில்லை.

பத்தில் எட்டுத் தடவை காரணம் ஸ்லைடுதான். விஎம் கார்ப்பின் ஸ்லைடை உற்றுப் பாருங்கள். அடிப்பக்கம் ஒரு ஓரம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் காடிகள் இருக்கும். நீளமான காடியில் கார்ப்பின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முளை உட்கார வேண்டும். மற்றது ஐட்லிங் ஸ்க்ரூ தொடுவதற்கானது. ஸ்லைடைத் திருப்பிப் போட்டால் அது முழுவதும் இறங்காமல் நடுவிலேயே நின்றுவிடும். மூடியையும் மூட முடியும் என்பதுதான் இதில் உள்ள துரோகம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். இன்ஜினுக்கோ பாதி ஆக்ஸிலேட்டர் கொடுத்த மாதிரி.

நானே இதைச் செய்திருக்கிறேன். சாயங்காலம் இருட்டில், கார்ப்பை வண்டியில் பொருத்திவிட்டு, பிறகு மேலிருந்து ஸ்லைடை இறக்கினேன். டேங்க் மறைத்ததால் முளை கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் உதையிலேயே எடுத்த சத்தத்தில் எதிர் வீட்டு நாய் ஓடியே போய்விட்டது. அன்றிலிருந்து என் வரிசை வேறு: கார்ப் கையில் இருக்கும்போதே ஸ்லைடை இறக்கி மூடியைப் போட்டுவிடுவேன், அதற்குப் பிறகுதான் ரப்பருக்குள் தள்ளுவேன். தள்ளும் முன் ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டுப் பார்த்தால் ஸ்லைடு 'டக்' என்று அடியில் போய் உட்காரும் சத்தம் காதில் விழ வேண்டும். அந்த 'டக்' கேட்காமல் கிக்கரைத் தொடாதீர்கள்.

ஊசியில கிளிப் எந்தக் காடியில இருக்கணும்? கழட்டும்போது பாக்க மறந்துட்டேன்.

இது ஸ்லைடில் தொங்கும் ஊசி, மிதவையின் ஊசி வால்வு அல்ல. மறந்துவிட்டால் ஐந்து காடி உள்ள ஊசியில் நடுக்காடியிலிருந்து தொடங்குங்கள். கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ்க் காடிக்கு மாற்றினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். பலர் இதைத் தலைகீழாக நினைவு வைத்திருக்கிறார்கள். கிளிப் எந்தப் பக்கம் போகிறதோ, ஊசி அதற்கு எதிர்ப்பக்கம் போகும்.

இந்த ஊசி வேலை செய்வது கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து முக்கால் வரை. அதற்குக் கீழே பைலட் ஜெட்டும் ஸ்லைடின் சாய்வு வெட்டும், அதற்கு மேலே மெயின் ஜெட். ஐட்லிங் சரியில்லை என்று கிளிப்பை மாற்றுபவர்கள் நேரத்தை வீணடிக்கிறார்கள்.

ஆக்ஸிலேட்டர் கேபிள் எவ்ளோ லூஸ் வெக்கணும்?

கைப்பிடியைத் திருகும்போது முதல் 2, 3 மில்லிமீட்டர் வெறுமையாகச் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்லைடு அசைய வேண்டும். இறுக்கமாக வைத்தால் ஸ்லைடு முழுதாக மூடாது, ஐட்லிங் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் வேகம் இறங்காது.

இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். சத்தம் கொஞ்சமும் மாறக்கூடாது. ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. டேங்கைத் திரும்ப வைக்கும்போது அடியில் நசுங்கியிருக்கலாம், அல்லது ஃபிரேமுக்குத் தவறான பக்கம் போயிருக்கலாம். வண்டி ஓட்டும்போது யு-டர்ன் அடிக்கையில் தானாக வேகம் ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்ப் போல்ட்டை எவ்வளவு டைட் பண்றது? நல்லா முறுக்கினா ஏர் லீக் ஆகாதுல்ல?

நேர்மாறாகத்தான் ஆகும். புல்லட் 350 போல இரண்டு ஸ்டட்டில் உட்காரும் கார்ப்பை ஓங்கி முறுக்கினால், இரண்டு காதுகளும் உள்ளே வளைந்து நடுவில் இடைவெளி விழும். முறுக்க முறுக்க ஏர் லீக் கூடும். பழைய புல்லட் கார்ப்கள் பலவற்றில் யாரோ ஒரு காலத்தில் முறுக்கிய கைவரிசை இருக்கும். சந்தேகமிருந்தால் கார்ப்பின் இன்ஜினோடு சேரும் முகப்பைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. கண்ணாடியின் மேல் நுண்ணிய வாட்டர் பேப்பரை விரித்து, எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்தால் சமமாகும்.

இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சின்ன ஸ்பேனரை மூன்று விரலால் பிடித்து இறுக்கும் அளவு போதும். நடுவில் வரும் தடிமனான ஃபைபர் துண்டைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹெட்டின் சூடு கார்ப்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, சூடான வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

டேப்பைத் திறந்ததும் பெட்ரோல் கொட்டுது. ஃப்ளோட் புதுசாவே போட்டேனே?

முதலில் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். ஊசி வால்வில் தூசி சிக்கியிருந்தால் விலகிவிடும். மறுபடி வந்தால் டேங்கில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கழுவிய கார்ப்பைத் துருப்பிடித்த டேங்கோடு இணைத்தால் ஒரு வாரத்தில் பழைய கதை. குழாயின் நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் போடுவது நல்லது.

இரண்டாவதாக மிதவை. அதைத் தாங்கும் பித்தளை நாக்கு வளைந்திருந்தால் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். மிதவைக்குள் பெட்ரோல் புகுந்ததா என்று காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால், கிண்ணத்துக்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ பித்தளைக் குழாயைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் மட்டம் சரியாக இருந்தாலும் சொட்டும். என்னை ஒரு முழு நாள் சுற்ற வைத்தது இந்த வெடிப்புதான்.

இருபது கிக் ஆச்சு, கால் போச்சு. ஸ்டார்ட்டே ஆகல.

கிண்ணம் காலியாக இருந்தது என்பதை மறக்காதீர்கள். டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். பிறகு சோக் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். விஎம் கார்ப்பின் சோக் என்பது தனியாக ஒரு பெட்ரோல் வழி. ஸ்லைடு மூடியிருந்தால்தான் அந்த வழியாகப் பெட்ரோலை உறிஞ்சும். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகித் திருகி உதைத்தால் சோக் போட்டும் போடாத மாதிரிதான்.

பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: டேப், குழாய் மடிப்பு, டேங்க் மூடியின் காற்றோட்டை, இந்த வரிசையில் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து எட்டு, பத்து உதை. பிளக்கைத் துடைத்துப் போட்டால் பிடித்துக்கொள்ளும்.

ஏர் ஸ்க்ரூ ஒன்றரை சுத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. உள்ள திருப்பினா பெட்ரோல் கூடுமா, குறையுமா?

இதற்கு இரண்டு பதிலும் உண்டு. அதனால்தான் டீக்கடையில் சண்டை வருகிறது. ஸ்க்ரூ ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவில் இருந்தால் அது காற்றை அளக்கிறது. உள்ளே திருப்பினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும். ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்தால் அது கலவையையே அளக்கிறது. உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். விஎம் வகையில் வழக்கமாக ஏர் ஃபில்டர் பக்கம்தான்.

ஒன்றரைச் சுற்று என்பது தொடங்கும் இடம் மட்டுமே. மெதுவாக உள்ளே திருப்பி, தொட்டதும் நிறுத்தி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். தொட்ட பிறகு அழுத்தினால் ஸ்க்ரூவின் கூர்முனையும் அது உட்காரும் இடமும் கெட்டுவிடும். வண்டியை 5 கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, ஐட்லிங்கில் விட்டு, கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். எங்கே சத்தம் உச்சமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். 2 ஸ்ட்ரோக்காக இருந்தால் அந்த உச்சத்திலிருந்து எட்டில் ஒரு சுற்று கெட்டிப் பக்கமாக வைத்துவிடுவது என் பழக்கம். மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தும், அல்லது முழுதாக உள்ளே போயும் மாற்றமே தெரியாவிட்டால் பைலட் ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது அடுத்த கேள்வியில் சொல்லும் காற்று நுழைகிறது.

ரேஸ் பண்ணி விட்டா சத்தம் இறங்கவே மாட்டேங்குது, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் இறங்குது. கேபிள் ஃப்ரீயாத்தான் இருக்கு.

இதுதான் கள்ளக் காற்றின் முகவரி. கண்டுபிடிக்க, இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, பூச்செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயரில் தண்ணீரை எடுத்து, கார்ப்பும் மேனிஃபோல்டும் சேரும் இடம், மேனிஃபோல்டும் இன்ஜினும் சேரும் இடம் என்று ஒவ்வொன்றாக அடியுங்கள். எங்கே அடிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே லீக். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயில் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் அது பற்றிக்கொள்ளும் சரக்கு. சூடான சைலன்ஸருக்குப் பக்கத்தில் நான் அதை எடுப்பதில்லை.

2 ஸ்ட்ரோக்கில் இன்னொரு வழியும் உண்டு. கிராங்க்கின் மேக்னெட் பக்க ஆயில் சீல் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அப்போது கார்ப்பைப் பத்துத் தடவை கழுவினாலும் தீராது. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, வெள்ளைப் புகை கிளம்பி, கியர் ஆயில் குறையும். காற்று நுழையும் வண்டியை 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஓட்டாதீர்கள். கலவை மெலிந்தால் சூடு ஏறும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. முதல் கேள்வியில் சொன்ன பிஸ்டன் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கிளீன் பண்ண பிறகு மைலேஜ் குறைஞ்சுடுச்சே?

சோக் பிளஞ்சர் முழுதாகக் கீழே உட்காரவில்லை என்பது முதல் சந்தேகம். அதன் அடியில் ஒரு சின்ன ரப்பர் இருக்கும். அது தேய்ந்தால் சோக் எப்போதும் பாதி போட்ட மாதிரிதான். அடுத்து மிதவை மட்டம், பிறகு கம்பியால் குத்திய ஜெட். இரண்டையும் முன்பே சொல்லிவிட்டேன்.

ஆட்டோலூப் பம்ப் இருக்கற வண்டி. கார்ப்பைக் கழட்டினதால ஆயில் சைடுல ஏதாவது செய்யணுமா?

ஆட்டோலூப் என்பது 2டி ஆயிலைத் தானாக இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப். அதன் ஆயில் குழாயைக் கழற்றினீர்களா என்பதுதான் கேள்வி. கழற்றியிருந்தால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கும். பம்பிலிருக்கும் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழியில்லாமல் ஆயில் வரும்வரை விட்டுப் பிறகு மூடுங்கள். முதல் ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி 2டி ஆயிலைக் கலந்துவிடுவது காப்பீடு மாதிரி. 50-க்கு 1 என்ற கணக்கு அது. கொஞ்சம் புகையும், பரவாயில்லை.

கேபிள் பம்புக்கும் போகிறது என்பதால் கார்ப் பக்கம் கேபிளைத் தளர்த்தி இறுக்கினால் பம்பின் அளவும் மாறக்கூடும். பம்பின் கப்பியில் ஒரு குறி இருக்கும். வண்டியின் கையேடு சொல்லும் ஆக்ஸிலேட்டர் நிலையில் அந்தக் குறி நேராக நிற்கிறதா என்று கார்ப் வேலை முழுவதும் முடிந்த பிறகு பாருங்கள், முன்னால் அல்ல.

எங்கிட்ட ஆர்டி 350 இருக்கு. ரெண்டு கார்ப்பையும் எப்படிச் சேத்து ட்யூன் பண்றது?

கொடுத்துவைத்தவர். ராஜ்தூத் 350 என்ற பெயரில் 1983-ல் எஸ்கார்ட்ஸ் இங்கே கொண்டுவந்த வண்டி; 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆளுக்கொரு கார்ப். கைப்பிடியிலிருந்து வரும் ஒரு கேபிள் பிரிந்து இரண்டு கார்ப்புக்கும் ஆயில் பம்புக்கும் போகிறது. முதலில் இரண்டு கார்ப்பின் பாகங்களும் கலந்துவிடக் கூடாது. கழுவும்போதே இரண்டு தனித்தனி டப்பா. இடதின் ஸ்லைடு இடதுக்கே.

இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழ வேண்டும் என்பதே நோக்கம். ஏர் ஃபில்டர் பக்கத்தைக் கழற்றி, இரண்டு ஸ்லைடின் அடியிலும் ஒவ்வொரு விரலை வைத்து, வேறொருவரை ஆக்ஸிலேட்டரை மிக மெதுவாகத் திருகச் சொல்லுங்கள். எது முதலில் விரலை விட்டு எழுகிறதோ அதன் கேபிளைத் தளர்த்துங்கள். விரல் நம்பிக்கை தராவிட்டால் ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டின் மழுங்கிய முனையை வைத்துப் பார்க்கலாம். பிறகு இரண்டு ஐட்லிங் ஸ்க்ரூவும் ஸ்லைடை ஒரே உயரத்தில் நிறுத்த வேண்டும், இரண்டு ஏர் ஸ்க்ரூவும் ஒரே சுற்றில் தொடங்க வேண்டும். ஓடும்போது இரண்டு சைலன்ஸருக்குப் பின்னாலும் உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் வீச்சு ஒன்றாகத் தெரியும். கடைசியில், மேலே சொன்ன பம்ப் குறி.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சோக் நெம்புகோல் ஒரு கார்ப்பில்தான் இருக்கிறது. அங்கிருந்து மற்ற கார்ப்புக்குச் சின்ன ரப்பர் குழாய் போகும். அதை மாட்ட மறந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாததோடு, கள்ளக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

பல்சர்ல மேல மூடியைத் திறந்தா ரப்பர் தாள் மாதிரி இருக்கு. அதையும் கிளீனர் போட்டுக் கழுவிட்டேன், தப்பா?

தப்புதான். அது டயஃப்ரம். பல்சர் வரிசையில் பல வண்டிகளிலும் கரிஸ்மாவிலும் இந்த வகைக் கார்ப். இங்கே கேபிள் ஸ்லைடைத் தூக்குவதில்லை, இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம்தான் தூக்குகிறது. கார்ப் கிளீனர் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும். மூடினால் ஓரம் சுருங்கி மடியும். ஒரு நாள் காற்றில் விட்டுப் பாருங்கள், சில சமயம் பழைய உருவத்துக்கு வரும். மாட்டும்போது ஓரத்திலுள்ள சின்ன நாக்கு அதன் குழியில் உட்கார்ந்ததா என்று பாருங்கள். ஸ்லைடை விரலால் மேலே தூக்கி விட்டால் மெதுவாக, சீராக இறங்க வேண்டும். ஓட்டையிருந்தால் வண்டி ஐட்லிங் நன்றாகவே ஓடும், வேகம் மட்டும் ஏறாது.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல்தான் எல்லாத்துக்கும் காரணமாமே?

எல்லாவற்றுக்கும் இல்லை, சிலவற்றுக்கு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-லிருந்து இங்கே பம்புகளில் வரத் தொடங்கியது. பழைய வண்டியின் ரப்பர் குழாய், ஓ-ரிங், பேக்கிங் எல்லாம் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல; சில ஊதும், சில விறைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஈரம் ஒரு அளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்திலிருந்து வடித்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள். வாரம் ஒரு தடவையாவது ஓட்டுபவருக்கு இதெல்லாம் வேண்டியதில்லை.

நீங்க சொன்னதெல்லாம் செஞ்சாச்சு அண்ணா. ஐட்லிங் அருமை, ஆனா பாதிக்கு மேல திருகினா திணறுது. திரும்பக் கழட்டட்டுமா?

இன்னும் கழற்றாதீர்கள். திணறும் அந்த நேரத்திலேயே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். வண்டி தெளிந்து ஓடினால் அந்த இடத்தில் கலவை மெலிந்திருக்கலாம். பெட்ரோல் போதுமான வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள்: குழாயைக் கார்ப்பிலிருந்து பிடுங்கி, பாட்டிலில் பிடித்தால் தாரை நிற்காமல் வர வேண்டும். இரண்டு நிமிடத்தில் தாரை மெலிந்தால் டேங்க் மூடியின் காற்றோட்டை அடைத்திருக்கிறது. அடுத்து, சோக்கைக் கொஞ்சமாகத் தூக்கி ஓட்டிப் பாருங்கள். நன்றாக இழுத்தால் மெலிவு உறுதி, மெயின் ஜெட்டைப் பாருங்கள். இன்னும் மோசமானால் கெட்டி, ஏர் ஃபில்டரில் அடைப்பா என்று பாருங்கள்.

இரண்டிலும் மாற்றமே இல்லையென்றால் கார்ப்பை நிம்மதியாக விடுங்கள். 2 ஸ்ட்ரோக்கில் கரி அடைத்த சைலன்ஸரும், பழைய புல்லட்டில் பிளக்குக்குப் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் சிபி பாயின்ட் தேய்ந்தாலும், சூடேறினால் சோர்ந்துபோகும் இக்னிஷன் காயிலும் இதே போலத்தான் திணற வைக்கும். கார்ப்பைக் கழற்றும்போது பிளக் வயரைப் பிடித்து இழுத்தீர்களா? அதன் கேப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போன மாதம் ஒருவர் மூன்று ஞாயிறு கார்ப்பைக் கழற்றி மாட்டினார். நாலாவது ஞாயிறு நான் போய் அந்தக் கேப்பை ஒரு அழுத்து அழுத்தினேன்.